டிரெமல் 3000: மல்டி டூலை வீட்டிலேயே மாற்றியமைக்கப் போதுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புற ஊர்களில் பாராங்கும் (வெட்டுக்கத்தி) செம்பனை அரிவாளும் தீட்ட ஆறு அங்குல கிரைண்டர் வைத்திருப்பார்கள். லெதர்மேன் வேவ் போன்ற மல்டி டூலை, அதாவது கத்தி, ரம்பம், திருப்புளி எல்லாம் மடங்கி இருக்கும் கைக்கருவியை, அதில் வைக்காதீர்கள். நிமிடத்துக்கு 2,900 சுற்றில் ஓடும் அந்தக் கல்லுக்கும், 20,000 சுற்றில் ஓடும் டிரெமல் 3000 என்ற கையடக்கச் சுழல் கருவியின் 24 மி.மீ. டிஸ்குக்கும் விளிம்பு வேகம் ஏறக்குறைய ஒன்றுதான்: வினாடிக்கு 23 முதல் 25 மீட்டர். ஆனால் அகலமான கல், பலமான மோட்டார் இரண்டும் சேர்ந்தால் மெல்லிய நுனி நொடியில் சூடேறிப் பதம் (எஃகின் கடினம்) இறங்கிவிடும். டிரெமல் வெறும் 130 வாட். அழுத்தினால் சத்தம் தாழ்ந்து எச்சரிக்கும். இந்த வேலைக்கு அதுவே பெரிய நன்மை.

பழைய ஹோண்டா ஈஎக்ஸ்5 மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டர் ஸ்குருவுக்கு ஏற்றபடி தட்டைத் திருப்புளியை ஒடுக்குவதுதான் மிகவும் பயன்படும் மாற்றம். நடுவில் துளையுள்ள டார்க்ஸ் (நட்சத்திர வடிவ) பிட்டால் டூலைக் கழற்றுங்கள். வாஷர் வரிசையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றாமல் செய்வதானால் மூட்டுகளை டேப்பால் மூடுங்கள், தூள் புகுந்தால் மடக்கும்போது கரகரக்கும். மார்க்கரில் கோடு போட்டு, வைஸில் இறுக்கி, இரண்டு மூன்று வினாடி தொட்டு எடுத்துத் தண்ணீரில் முக்குங்கள். வெறும் விரலால் பிடிக்க முடியாத சூடு வந்தாலே நிறுத்த வேண்டும். துருப்பிடிக்காத எஃகில் மஞ்சள் நிறம் சுமார் 290 டிகிரியில்தான் தெரியும். அதற்குள் காரியம் கெட்டிருக்கும்.

கோட்டுக்கு அரை மில்லிமீட்டர் முன்பே நிறுத்தி, மீதியை வைர அரத்தால் ராவுங்கள். நுனியின் இரு முகங்களும் இணையாக இருக்க வேண்டும். ஆப்பு வடிவில் சரிந்தால், திருகும்போது ஸ்குருவை விட்டு மேலே எகிறும், காடியும் சிதையும். கடைசியில் 400, 600 எண் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். பாராங்குக்குப் பயன்படுத்திய கல்லை இதில் தொடவே கூடாது. இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு, நம் ஊர் ஈரத்தில் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும்.

குறை டிஸ்கில்தான். 0.6 மி.மீ. தடிமனுள்ள டிஸ்க் பக்கவாட்டில் சற்று வளைந்தாலும் வெடித்துச் சிதறும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். ஃபைபர் வலையுள்ள 38 மி.மீ. டிஸ்கே வெட்டுக்கு நம்பகமானது. ரம்பத்தைக் குட்டையாக்குவது போன்ற நீள வெட்டுக்கும் இந்த மெஷின் போதும், பொறுமை வேண்டும். கத்தி முழுவதையும் மறுவடிவமைக்க நினைத்தால் வாங்க வேண்டாம்.

லெதர்மேனின் 25 ஆண்டு வாரண்டி மாற்றியமைத்த கருவிக்குப் பொருந்தாது. அதனால் புதியதில் கை வைக்காமல், தேய்ந்த பழைய டூலில் தொடங்குங்கள்.