நாலு வருஷம், எட்டுச் சக்கரம்: ரோலர் ஹாக்கி ஸ்கேட் அனுபவம்

ரோலர் ஹாக்கி என்றால் காலில் சக்கர ஸ்கேட் மாட்டிக்கொண்டு ஆடும் ஹாக்கி. அதற்குப் பிள்ளைக்கு ஸ்கேட் வாங்குகிறவர்கள் முதலில் மேலே இருக்கும் பூட்டை, அதாவது ஷூவைத்தான் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான். 2021-ல் மகளுக்கு வாங்கிய முதல் ஜோடி பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அடியில் சக்கரங்களைத் தாங்கும் பிளேட் பிளாஸ்டிக். வேகமாக வந்து டோ ஸ்டாப்பை (முன்நுனியில் இருக்கும் பிரேக் கட்டையை) ஊன்றித் திரும்பியதில், எட்டாவது மாதமே விரிசல் விட்டது. மறுவருஷம் வாங்கிய அலுமினிய பிளேட் ஜோடிதான் இன்றுவரை ஓடுகிறது.

இந்த ஆட்டத்தில் கோல்கீப்பரோடு சேர்த்து அணிக்கு 5 பேர். முறையான தளம் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். சுற்றிலும் ஒரு மீட்டர் தடுப்பு. பாளையங்கோட்டையில் இவள் ஆடுவது சாதாரண சிமெண்டுத் தளம். ஆனி, ஆடிக் காற்றில் மண் வந்து படிந்துகொண்டே இருக்கும். பெருக்காமல் இறங்கினால், கெட்டியான சக்கரம் திருப்பத்தில் வழுக்கிவிடும். கொஞ்சம் மிருதுவான சக்கரம் மாற்றிய பிறகுதான் பயமில்லாமல் திரும்பினாள். சீக்கிரம் தேயும்தான், பரவாயில்லை.

உண்மையான செலவும் வேலையும் சக்கரத்துக்குள் இருந்து அதைச் சுழலவிடும் பேரிங்கில் இருக்கிறது. சக்கரத்துக்கு இரண்டு, மொத்தம் 16. "வலது கால் மட்டும் இழுக்கும்மா" என்று சொன்னால் மண் ஏறிவிட்டது என்று அர்த்தம். ஊக்கு முனையால் மூடியை நெம்பி எடுத்து, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, துடைத்து நன்றாகக் காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் இரண்டே சொட்டு. தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். மண்ணை இழுத்துப் பசையாக்கிவிடும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி வண்ணார்பேட்டை வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மூன்றாம் நாள் செருப்பு அலமாரிக்கு அடியில் ஸ்கேட்டைக் கண்டெடுத்தபோது சக்கரம் ஒன்றும் சுற்றவில்லை. எல்லாவற்றையும் கழற்றி ஒரு ராத்திரி ஊறவைத்தோம். 11 பேரிங் பிழைத்தது. மற்ற ஐந்துக்கு ஸ்கேட் கடை தேடி அலையவில்லை. 608 என்று எண் சொன்னால் சாதாரண பேரிங் கடையிலேயே கொடுக்கிறார்கள். 8 மில்லிமீட்டர் துளை, 22 வெளிவிட்டம். பூட்டின் உள்பஞ்சு மட்டும் அதற்கப்புறம் பழைய நிலைக்கு வரவேயில்லை.

அப்புறம், முழங்காலுக்குக் கீழே கட்டும் ஷின் பேட் இல்லாமல் பிள்ளையைத் தளத்தில் இறக்காதீர்கள். பந்து சுமார் 155 கிராம், கிட்டத்தட்ட கிரிக்கெட் பந்தின் எடை, நல்ல கெட்டி. மட்டை பற்றிப் புகாரே இல்லை. கோவில்பட்டியில் ஹாக்கி ஆடி வளர்ந்த என் அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏ தாயி, இதுல ரெண்டு பக்கமும் அடிக்கலாமா?" புல்தரை ஹாக்கியில் தட்டைப் பக்கம் மட்டும்தானே! அன்று சாயங்காலம் முழுக்கப் பேத்தியோடு வாசலில் பந்து தட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது அவளுக்குப் பாதம் ஒரு சைஸ் கூடிவிட்டது. பிளேட் இன்னும் கல்லு மாதிரி இருப்பதால், பூட்டை மட்டும் மாற்றி அதையே அடியில் பொருத்தப் போகிறோம்.