எட்டு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு: சாய்த்து மாவு எடுக்கும் 2 லிட்டர் கிரைண்டர்

போன வருடம் மாசி மாதம் என் மனைவிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பழைய கிரைண்டரின் குழவியைக் கழுவ வெளியே தூக்கியவள், நிமிர முடியாமல் சுவரைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். கல்யாணச் சீராக வந்த கிரைண்டர் அது. 26 வருடம் ஒரு குறையும் சொல்ல முடியாதபடி உழைத்தது. ஆனால் அந்தக் குழவியைத் தூக்க ஒரு ஆள் பலம் வேண்டும். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "இனிமேல் குடத்தைக்கூடத் தூக்கக் கூடாதும்மா" என்றார். மாசியிலிருந்து ஆடி வரை நாங்கள் மூன்று பேரும் பெரும்பாலும் ஹோட்டல் சாப்பாட்டில்தான் ஓடினோம். ஆடித் தள்ளுபடியில் இந்தக் கிரைண்டரை வாங்கினேன். இப்போது பங்குனி. வாரம் இரண்டு முறை வீதம் எட்டு மாதம் அரைத்தாகிவிட்டது. அதனால் தைரியமாக எழுதலாம்.

கம்பெனிப் பெயரை எழுதவில்லை. கோயம்புத்தூரில் இதே அமைப்பில் பல கம்பெனிகள் செய்கின்றன. நான் சொல்வதில் முக்கால்வாசி எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் அந்த ஐந்து மாத ஹோட்டல் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் இந்த மெஷினின் அருமை புரியாது. திருச்சியில் தில்லைநகர் பக்கம் வீடு என்பதால் நல்ல டிபனுக்குப் பஞ்சமில்லை. காலை ஏழு மணிக்குத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். மூன்று பேருக்கு இட்லி, ஒரு பொங்கல், இரண்டு வடை என்று வாங்கினால் 200 ரூபாய்க்குக் குறையாது. ராத்திரிக்கு மகன் செல்போனில் ஆர்டர் போடுவான். சாப்பாட்டின் விலை, 5 சதவீத ஜிஎஸ்டி, பேக்கிங், கொண்டுவரும் கூலி எல்லாம் சேர்ந்து பில் வரும். எனக்கு டைரியில் செலவு எழுதும் பழக்கம் உண்டு. மே மாதம் வெளிச்சாப்பாட்டுக்கு மட்டும் 14,600 ரூபாய். அதற்கு முந்தைய வருடம் அதே மாதம் மளிகை, காய்கறி, பால் அத்தனையும் சேர்த்தே 9,000 தாண்டவில்லை.

பணத்தைக்கூட விட்டுவிடலாம். உடம்பு சரியில்லாத நேரத்தில் செலவு வரத்தான் செய்யும். என்னைக் கலங்க வைத்தது உப்பு. என் மனைவிக்கு ரத்தக்கொதிப்பு உண்டு. ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது சுமார் ஒரு டீஸ்பூன் அளவு. ஹோட்டலில் இட்லியில் உப்பு, சாம்பாரில் உப்பு, இரண்டு சட்னியிலும் உப்பு. நூறு பேருக்குப் பொதுவாக வைக்கும் சாம்பாரில் ஒருத்திக்காக உப்பைக் குறை என்று யாரிடம் சொல்வது? ஆனி மாதம் பிரஷர் பார்த்தபோது 160ஐத் தாண்டியிருந்தது. அன்று ராத்திரி அவள், "ஏங்க, எனக்கு வெறும் ரசஞ்சாதம் போதும்ங்க, நம்ம வீட்டு ரசம்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு எனக்கு ஹோட்டல் வாசலில் கால் நிற்கவில்லை.

குழம்பும் ரசமும் நானே வைக்கப் பழகிக்கொண்டேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல ஒரு மாதத்தில் கை படிந்துவிட்டது. வெளியே வாங்குவது நிற்காமல் போனது டிபன் மட்டும்தான். பாக்கெட் மாவு வாங்கிப் பார்த்தோம். ஒரு கடை மாவு முதல் நாளே புளித்திருந்தது, இன்னொரு கடை மாவில் சோடா வாசம் தூக்கலாக இருந்தது. மிக்சியில் அரைத்தேன். தட்டையாக, பிசுபிசுவென்று வந்தது. மிக்சி பிளேடு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும், உளுந்து சூடாகிவிடும். கிரைண்டர் கல் நிமிடத்துக்கு நூற்றுச் சொச்சம் சுற்றுதான், மாவு குளிர்ச்சியாகவே இருக்கும். இட்லிக்கு அந்தக் குளிர்ச்சிதான் உயிர். இதெல்லாம் எனக்கு 52 வயதில்தான் தெரிய வந்தது.

பெரிய கடைவீதியில் ஒரு பாத்திரக்கடையில் வாங்கினேன். டேபிள் டாப் கிரைண்டரில் இரண்டு வகை உண்டு. ஒன்று, டிரம்மைத் தனியாகத் தூக்கி மாவை எடுப்பது. இன்னொன்று, டிரம் அப்படியே முன்பக்கம் சாய்வது. சாயும் வகைக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கூடுதல். கடைக்காரர் முதல் வகையைத்தான் காட்டினார், அதுதான் நன்றாகப் போகிறதாம். "டிரம்மைக் கல்லோட தூக்கிப் பாருங்க சார், அப்புறம் முடிவு பண்ணுங்க" என்று அவரே சொன்னதால் தூக்கிப் பார்த்தேன். எனக்கே மணிக்கட்டு வலித்தது. முதுகு, மூட்டு, மணிக்கட்டு வலி உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் யோசிக்காமல் சாய்ப்பதையே வாங்குங்கள். பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி இருந்தது. 2022 ஜூலை வரை இதற்கு 5 சதவீதம்தான். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் ஓடுகிற ஒரு சாமானுக்கு இவ்வளவு வரியா என்று அன்றைக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1955இல் கோவையில் பி. சபாபதி என்பவர் செய்த கிரைண்டரிலிருந்துதான் இந்தத் தொழிலே தொடங்கியது என்பார்கள். ஊத்துக்குளிப் பக்கத்துக் கருங்கல்லுக்கு நல்ல பெயர். கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. என் மெஷினில் கீழே வட்டக்கல், அதன் மேல் உருளும் இரண்டு கற்கள். வாங்கியதும் நேராக உளுந்தைப் போட்டுவிடாதீர்கள். முதலில் தவிடோ பழைய அரிசியோ ஒரு கை போட்டு, தண்ணீர் விட்டு அரைத்துக் கொட்ட வேண்டும். நான் மூன்று முறை செய்தேன். முதல் முறை சாம்பல் நிறத்தில் வந்தது, மூன்றாவது முறை வெள்ளையாக வந்தது.

இப்போது அரைக்கும் கதை. நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு முழு வெள்ளை உளுந்து, அரை ஸ்பூன் வெந்தயம். உளுந்தும் வெந்தயமும் ஒன்றாக, அரிசி தனியாக, நாலு மணி நேரம் ஊறட்டும். மெஷினை ஓடவிட்டுத்தான் உளுந்தைப் போட வேண்டும், போட்டுவிட்டு சுவிட்சைத் தட்டினால் பெல்ட் திணறும். தண்ணீரை மொத்தமாக விடக் கூடாது. ஃபிரிட்ஜ் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை கையால் தெளித்தால் போதும். ஆரம்பத்தில் கரகரவென்று சத்தம். பத்து நிமிடத்தில் சத்தம் அடங்கி, மாவு கல்லோடு ஒட்டித் திரும்பும்போது தப்தப் என்று ஒரு ஓசை வரும். இருபது நிமிடத்தில் டிரம்முக்குள் பார்த்தால், போட்டது ஒரு டம்ளர் உளுந்துதானா என்று சந்தேகம் வரும், அவ்வளவு பொங்கி நிற்கும். ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் விடுவேன். மிதந்தால் ஆயிற்று. மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிடம்.

அரிசி இருபது நிமிடம். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் சன்ன ரவை மாதிரி நெருட வேண்டும். நைசாக அரைத்தால் இட்லி களி மாதிரி ஆகிவிடும். அப்புறம் கல்லுப்பு போட்டுக் கையால்தான் கரைக்க வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது முன்பு போட்டதில் பாதி உப்புதான். மகனுக்குக் கூடுதலாக வேண்டுமென்றால் சட்னியில் போட்டுக்கொள்வான். ஹோட்டலில் நடக்காத காரியம் இது ஒன்றுதான், ஆனால் எங்களுக்கு இதுதான் எல்லாம்.

திருச்சி வெயிலில் மே மாதத்து ராத்திரி என்றால் ஆறு மணி நேரத்தில் மாவு பொங்கிவிடும், மார்கழியில் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும். உளுந்தில் இருக்கும் லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியா விடும் கரியமில வாயுதான் மாவைத் தூக்குகிறது. உளுந்தின் பசை அந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. உளுந்து நன்றாக அரையாவிட்டால் பிடித்து வைக்க ஆளில்லை. முதல் முறை காலையில் மூடியைத் திறந்தபோது மாவு விளிம்பு வரை வந்து, மேலே சின்னச் சின்ன ஓட்டைகளோடு நின்றது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பேசாமல் கரண்டியால் ஓரத்தில் லேசாக அள்ளிப் பார்த்தாள். உள்ளே தேன்கூடு மாதிரி இருந்தது. "நல்லா வந்திருக்குங்க" என்றாள். ஐந்து மாதத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை நான் பார்த்திருக்கவில்லை.

மெஷினின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது மாதம் பெல்ட் போய்விட்டது. அரிசியை அளவுக்கு மேல் போட்டது ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் ஐந்து மாதம் என்பது ரொம்பக் குறைச்சல். சர்வீஸ் சென்டருக்கு மூன்று முறை போன் செய்தும் ஆள் வரவில்லை. தெருமுனை மெக்கானிக் அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்தார், 250 ரூபாய். இரண்டாவது, உருளும் கற்களின் இடுக்கில் மாவு தங்கிவிடும். பழைய டூத் பிரஷ் ஒன்றைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். அன்றைக்கே தேய்க்காவிட்டால் மறுநாள் புளித்த வாடை வரும். கூடவே கொடுத்த தேங்காய்த் துருவியால் ஒரு பிரயோஜனமும் இல்லை, பிடி ஆடுகிறது. சப்பாத்தி மாவு பிசையும் சாமான் மட்டும் பரவாயில்லை. சத்தம் மிக்சியில் பாதிகூட இல்லை. மோட்டார் 150 வாட்ஸ், ஐம்பது நிமிடம் ஓடுகிறது. எட்டு முறை அரைத்தால்தான் ஒரு யூனிட் ஆகும்.

செலவுக் கணக்கு: ஒரு முறைக்கு 800 கிராம் அரிசி, 200 கிராம் உளுந்து. நான் வாங்கும் கடை விலைக்கு 70 ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. 45 இட்லிக்குக் குறையாமல் வரும். சாம்பார், சட்னி, கேஸ் எல்லாம் சேர்த்தாலும் ஹோட்டல் இட்லி ஒன்றின் விலையில் வீட்டில் நாலு இட்லி சாப்பிடலாம். மெஷினுக்குக் கொடுத்த பணம் கார்த்திகைக்குள் திரும்பிவிட்டது.

அதற்காக ஹோட்டலே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். நெய் ரோஸ்ட் வீட்டில் அந்த மாதிரி வரவே வராது. ஹோட்டல் தோசைக்கல் விரல் கனத்துக்கு இருக்கும், காலையிலிருந்து ஒரே சூட்டில் காய்ந்துகொண்டே இருக்கும். தண்ணீர் தெளித்து, துடைப்பத்தால் துடைத்து, அந்த மாஸ்டர் ஒரே சுழற்றில் தேய்ப்பதைப் பார்க்க எனக்கு இப்போதும் ஆசை. வீட்டுக் கல்லில் மூன்றாவது தோசைக்குள் சூடு இறங்கிவிடுகிறது. மெதுவடையும் அப்படித்தான். இந்தக் கிரைண்டரில் வடை மாவு கெட்டியாக அரைக்க முடிகிறது, ஆனால் மூன்று பேருக்காக ஒரு சட்டி எண்ணெய் காயவைத்து, மீதியை என்ன செய்வது? மீண்டும் மீண்டும் சுட வைக்க எனக்கு மனசில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் நடந்து போய் ரோஸ்ட்டும் வடையும் காபியும் சாப்பிட்டுவிட்டு வருகிறோம். முன்பு ஐந்து மாதம் அலுத்துப்போன அதே ஹோட்டல், இப்போது வாரத்துக்கு ஒரு நாள் என்றானதும் மணக்கிறது.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. வெறும் டிரம்மைச் சாய்த்துக் காட்டினால் நம்பாதீர்கள். உள்ளே பாதி அளவுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி, லாக்கை எடுத்து, வீட்டில் யார் அரைக்கப் போகிறார்களோ அவர்களையே சாய்க்கச் சொல்லுங்கள். நான் என் மனைவியைக் கூட்டிக்கொண்டு போகாமல் வாங்கிவிட்டேன். நல்லவேளையாக அவளுக்குச் சரியாக அமைந்தது. தைப்பொங்கலுக்கு முதல் நாள் நான் ஆபீசிலிருந்து திரும்புவதற்குள் அவளே வடைக்கு உளுந்து அரைத்து, ஒரு கையால் டிரம்மைச் சாய்த்துக் கிண்ணத்தில் வழித்து வைத்திருந்தாள். குனியவில்லை. தூக்கவில்லை.