2 டிபி என்று வாங்கினேன், உள்ளே இருந்தது 58 ஜிபி

போன தீபாவளித் தள்ளுபடியில் ஆன்லைனில் ஒரு '2 டிபி போர்ட்டபிள் எஸ்எஸ்டி' வாங்கினேன். அதாவது 2,000 ஜிபி பிடிக்கும், வேகமான கையடக்கச் சேமிப்பு டிஸ்க். விலை ₹1,299. நல்ல கம்பெனியின் 2 டிபி எஸ்எஸ்டி பத்தாயிரத்தைத் தாண்டும் என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் வாங்கினேன். நாலு ஸ்டாருக்கு மேல் ரேட்டிங், ஆயிரக்கணக்கில் விமர்சனம், 'பண்டிகைச் சலுகை, 85% தள்ளுபடி' என்ற சிவப்புப் பட்டை. கண்ணை மூடிக்கொண்டு ஆர்டர் போட்டுவிட்டேன்.

அதை வாங்க வேண்டிய தேவை வந்ததே கூகுள் போட்டோஸால்தான். 2021 ஜூன் வரை அதில் கணக்கில்லாமல் படங்களை ஏற்றலாம். அதற்குப் பிறகு ஜிமெயில், டிரைவ் எல்லாம் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம். என் கணக்கு எப்போதோ நிரம்பிவிட்டது, பேக்கப்பும் நின்றுவிட்டது. போனில் 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று தினமும் தொல்லை. மாதாமாதம் பணம் கட்டுவதற்குப் பதில் ஒரு தடவை டிஸ்க் வாங்கிப் போட்டால் போதும் என்று நினைத்தேன்.

வந்த பொருளைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய உலோகப் பெட்டி, கையில் எடுத்தால் நல்ல கனம். லேப்டாப்பில் செருகியதும் 1.95 டிபி என்று காட்டியது. முதலில் பழைய லேப்டாப்பில் இருந்த 60 ஜிபி சொச்சத்தை ஏற்றினேன். மணிக்கணக்கில் ஓடியது. எஸ்எஸ்டி இவ்வளவு மெதுவாகவா ஓடும் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். அடுத்த நாள் போனை ஓடிஜி கேபிளில் இணைத்து 85 ஜிபி படங்களையும் வீடியோக்களையும் அனுப்பினேன். முன்ஜாக்கிரதையாக ஐந்தாறு படங்களைத் திறந்தும் பார்த்தேன், பளிச்சென்று திறந்தன. ஆனால் நான் திறந்தது லேப்டாப்பிலிருந்து முதலில் ஏற்றிய ஃபோல்டரை.

அதை விடப் பெரிய தப்பு இன்னொன்று. போன் படங்களுக்கு 'காப்பி' கொடுக்காமல் 'மூவ்' கொடுத்தேன். காப்பி என்றால் பழையது போனிலேயே இருக்கும், கேலரியில் நாமாக அழித்தாலும் கொஞ்ச நாளைக்குக் குப்பைத்தொட்டியில் கிடக்கும். மூவ் கொடுத்தால் அந்தத் தொட்டிக்குக்கூடப் போகாது, நேராகப் போய்விடும். இப்போதைய ஆண்ட்ராய்டு போன்களில் உள் சேமிப்பு, சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யப்பட்டது. அழிந்த படத்தை அதிலிருந்து மீட்பது ஏறக்குறைய முடியாத காரியம்.

பொங்கலுக்கு எல்லோரும் வீட்டில் கூடியிருந்தோம். அப்பத்தா இறந்து முதல் பொங்கல். டிவியில் செருகி அவர் வீடியோக்களைப் போடலாம் என்று டிஸ்கை எடுத்தேன். ஃபோல்டர் இருந்தது, ஃபைல் பெயர்கள் இருந்தன, தேதி, அளவு எல்லாம் சரியாக இருந்தது. திறந்தால் ஒன்றும் இல்லை. டிவிதான் சொதப்புகிறது என்று லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். 'இந்த வடிவத்தைத் திறக்க முடியாது' என்று வந்தது. அடுத்தது, அதற்கு அடுத்தது, எல்லாம் அப்படியே. பழைய லேப்டாப்பிலிருந்து ஏற்றிய பிரிண்டர் டிரைவரும் காலேஜ் ப்ராஜெக்ட்டும் பத்திரமாக இருந்தன. அப்பத்தாவைக் காணோம்.

வாங்கிய தளத்தின் உதவிச் சாட்டில் கேட்டேன். 'ஒருமுறை ஃபார்மட் செய்து பாருங்கள் சார், சரியாகிவிடும்' என்றார்கள். படத்தைக் காணோம் என்று வந்தவனுக்கு இருப்பதையும் அழிக்கச் சொல்லும் யோசனை. அப்புறம் திருப்பி அனுப்ப 7 நாள்தான், அது முடிந்துவிட்டது என்று சாட்டை மூடிவிட்டார்கள்.

அடுத்துப் போனது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் 'டேட்டா ரெக்கவரி' என்று போர்டு போட்ட ஒரு கடைக்கு. டிஸ்கை மாட்டி ஏதோ ஒரு மென்பொருளை ஓட்டி, வரிசையாக ஓடும் ஃபைல் பெயர்களைக் காட்டினார். "பாருங்க சார், எல்லாம் இருக்கு. நாலாயிரம் ஆகும், ஆயிரத்தைந்நூறு அட்வான்ஸ்." பெயர்களைப் பார்த்ததும் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது, கொடுத்துவிட்டேன். பில் கேட்கவில்லை. நாலு நாள் கழித்து ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். அதே பெயர்கள், அதே அளவுகள், ஒன்றும் திறக்கவில்லை. "கரப்ட் ஆயிருக்கு சார், லெவல் டூ ரெக்கவரி பண்ணணும், இன்னொரு ஏழாயிரம் ஆகும்" என்றார். அங்கிருந்து எழுந்து வந்துவிட்டேன். அட்வான்ஸ் திரும்ப வரவில்லை.

உண்மையைக் கண்டுபிடித்தது என் சித்தப்பா மகன். பாலிடெக்னிக் லேபில் வேலை. பெட்டியைக் கையில் வைத்து ஆட்டிப் பார்த்தான். "அண்ணே, உள்ள ஏதோ ஆடுது. திறந்துரலாமா?" என்றான். திருகாணி ஒன்றுகூட இல்லை, நகத்தால் நெம்பினதும் மூடி வந்துவிட்டது. உள்ளே ஒரு சின்ன பச்சை போர்டு, அதில் கார்டு ரீடர், அந்த ரீடரில் கம்பெனி பெயரே இல்லாத ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு, மேலே பசை ஊற்றி ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு துண்டு இரும்புத் தகடு. அந்தக் கனம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

இந்த மோசடி நடக்கும் விதம் இதுதான். மெமரி கார்டு, பென்டிரைவ் எல்லாவற்றிலும் கன்ட்ரோலர் என்று ஒரு சிப் உண்டு. 'உன் கொள்ளளவு எவ்வளவு' என்று கணினி கேட்டால் பதில் சொல்வது அதுதான். அந்தச் சிப்பின் மென்பொருளை மாற்றி 64 ஜிபியை 2 டிபி என்று பொய் சொல்ல வைக்கிறார்கள். ஃபைல் பெயர், அளவு, தேதி அடங்கிய பட்டியல் பெரும்பாலும் கார்டின் ஆரம்பப் பகுதியில் எழுதப்படும், அங்கே நிஜமாகவே இடம் இருக்கிறது. நிஜ இடம் தீர்ந்த பிறகு வருவதை எல்லாம் 'எழுதிவிட்டேன்' என்று சொல்லிவிட்டுத் தூக்கிப் போட்டுவிடும். சில சரக்கு இன்னும் மோசம், சுற்றி வந்து பழையதன் மேலேயே எழுதும். ரேஷன் கடையில் வாங்காத பாமாயிலை வாங்கியதாக எஸ்எம்எஸ் வருமே, அந்தக் கதைதான். காப்பி ஆகும்போது எந்த எரரும் வராது.

அப்படியென்றால் என் படங்கள் அந்தக் கார்டில் ஒரு நொடிகூட இருந்ததில்லை. எழுதப்படாததை எந்தக் கடைக்காரரும் மீட்க முடியாது. ரெக்கவரிக் கடைக்காரர் காட்டியது அந்தப் பட்டியலை மட்டும்தான். எந்தப் பிரச்சினைக்காக ரெக்கவரிக்குப் போனாலும், அட்வான்ஸ் கொடுக்கும் முன் நீங்கள் கை காட்டும் மூன்று ஃபைல்களை அங்கேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். பெயரைக் காட்டினால் போதாது.

தம்பி அந்தக் கார்டைக் காலி செய்துவிட்டு அதில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டினான். விண்டோஸில் ஓடும், ஆங்கிலத்தைத் தேர்ந்துகொள்ளலாம். டிஸ்க் முழுவதையும் ஃபைல்களால் நிரப்பி, பிறகு எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். எங்களுக்கு 58 ஜிபி சரி, மீதி போச்சு என்று முடிவு வந்தது. இதில் ஒரு சங்கடம் உண்டு. நொடிக்கு 8 எம்பி வேகத்தில் 2 டிபியை நிரப்ப மட்டும் ஏறக்குறைய 70 மணி நேரம் ஆகும். நாங்கள் 100 ஜிபி மட்டும் என்று அளவு கொடுத்து நிறுத்திக்கொண்டோம், பொய் வெளிவர அதுவே போதும். ஆனால் 20, 30 ஜிபிக்குச் சோதித்தால் போலியும் பாஸாகிவிடும், ஜாக்கிரதை. பொறுமை இல்லாதவர்களுக்கு வாலிடிரைவ் என்று இன்னொன்று இருக்கிறது. டிஸ்கின் பல இடங்களில் எழுதிப் படித்துப் பார்த்துச் சீக்கிரமே சொல்லிவிடும். லினக்ஸ்காரர்களுக்கு எஃப்3. எதுவானாலும் டிஸ்க் காலியாக இருக்கும்போதே, திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் செய்துவிடுங்கள்.

1.95 டிபி என்று காட்டியதே ஒரு துப்பு என்று பிறகுதான் விளங்கியது. கம்பெனிக்காரர்கள் 1000, 1000மாகக் கணக்குப் போடுவார்கள், விண்டோஸ் 1024ஆல் வகுக்கும். அதனால் அசல் 2 டிபி டிஸ்க் விண்டோஸில் 1.81 என்றுதான் தெரியும். போலி செய்தவர் 2000 ஜிபி என்று நேராக எழுதிவிட்டார் போல, அதை 1024ஆல் வகுத்தால் 1.95. விவரமான போலிகள் 1.81 என்றே காட்டக்கூடும், இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

பணத்துக்காக தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். சோதனை முடிவின் ஸ்கிரீன்ஷாட், பிரித்த பெட்டியின் படம், ஆர்டர் பில் மூன்றையும் வைத்திருந்தது உதவியது. 2020 மின்வணிக விதிகளின்படி தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இதைக் குறிப்பிட்டு எழுதிய பிறகுதான் அந்த '7 நாள்' பாட்டு நின்றது. மூன்று வாரத்தில் ₹1,299 வந்துவிட்டது. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் வரையிலான வாங்கலுக்குக் கட்டணம் கிடையாது. நேற்று தேடிப் பார்த்தேன். அதே பெட்டி வேறு பெயரில், இப்போது 4 டிபி என்று, ₹1,499க்கு நிற்கிறது.

படங்களில் கொஞ்சம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து திரும்பக் கிடைத்தன, எல்லாம் மங்கல். நான் முக்கியமாகத் தேடியது ஒரு ஏழு நிமிட வீடியோ. அப்பத்தா தங்கச்சி மகளோடு பல்லாங்குழி ஆடிக்கொண்டே, அவள் அசந்த நேரம் பார்த்து நாலு சோழியை மடியில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். அத்தையின் போனில் அதிலிருந்து வெட்டி அனுப்பிய 40 நொடி மட்டும் கிடைத்தது. அதில் அப்பத்தா சோழிகளை எண்ணி எண்ணிக் குழியில் போட்டுக்கொண்டிருக்கிறார். கை மடிப்பக்கம் போவதற்குள் முடிந்துவிடுகிறது.