ஆடாதோடை மணப்பாகு: ஒரு குளிர்கால அனுபவம்

மார்கழியில் பத்து நாள் நீடித்த சளிக்கும் இருமலுக்கும், எங்கள் ஊர் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய ஆடாதோடை மணப்பாகைப் பயன்படுத்தினேன். ஆடாதோடை இலைச்சாற்றைச் சர்க்கரையுடன் பாகு பதத்தில் காய்ச்சிச் செய்யப்படும் இச்சித்த மருந்தை, சித்த மருத்துவர் கூறியபடி, வெந்நீரில் கலந்து காலையும் இரவும் அருந்தினேன். முதலில் இனித்து, பிறகு தொண்டையில் மெல்லிய கசப்பாக நிற்கும் சுவை எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில் வேறு எவருக்கும் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாளில் கட்டியிருந்த சளி இளகியது; இரவு இருமலும் தணிந்தது. சளி தானாகவே குறையும் காலமும் அதுதான் என்பதால், முழுப் பெருமையையும் மருந்துக்கே அளிக்க மாட்டேன். எனினும், சளியை இளக்கும் புரோமெக்சின் என்னும் நவீன மருந்து, ஆடாதோடை இலையிலுள்ள வாசிசின் என்ற வேதிப்பொருளின் வழியிலேயே உருவாக்கப்பட்டது. மூக்கடைப்புக்கு இந்த மணப்பாகினால் பயனேதும் இல்லை.

குறை புட்டியில் ஒட்டிய விவரச்சீட்டில்தான் இருக்கிறது. வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது என்பதால் கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும். சர்க்கரை மிகுதியால் நீரிழிவு உள்ளவர்களுக்கும் உகந்ததன்று. நான் வாங்கிய புட்டியில் இவ்விரண்டும் அச்சிடப்படவில்லை. கைக்குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று கேட்ட ஒரு தாயிடம், "தேனில் குழைத்துக் கொடுங்கள்" என்றார் கடைக்காரர். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் பாட்டுலிசம் என்னும் நச்சுநோயை உண்டாக்கக்கூடும். மருந்தை மீண்டும் வாங்குவேன், ஆனால் அந்தக் கடையில் அல்ல.