தேக்கா மேல்மாடியில் ஒரு ப்ளவுஸ் கடை

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். லைனிங் வைத்த பட்டு ப்ளவுஸ் ஒன்றுக்குத் தையற்கூலி 48 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). லைனிங்குக்கான மல் துணி தனியாக 6 வெள்ளி. சேலைக்கு ஃபால்ஸ் வைத்து ஓரம் அடிக்க 12 வெள்ளி. ஒரு வாரத்தில் தருகிறேன் என்றார் தையற்கார அக்கா, 11 நாள் ஆயிற்று. கழுத்து அகலமாகிப் போனதால் ஒரு தடவை திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. தேக்காவில் இதைவிட மலிவாகத் தைப்பவர்கள் உண்டு, சீக்கிரமாகத் தருபவர்களும் உண்டு. ஆனால் நான் இனி வேறு கடைக்குப் போவதாக இல்லை.

கடையின் பெயரை எழுதவில்லை. அக்கா ஒற்றை ஆள். "கூட்டம் வந்தா கை தாங்காதும்மா, பேரு போடாதே" என்று கேட்டுக்கொண்டார். லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, தேக்கா சென்டர் மாடிக்கு ஏறி, துணிக்கடைகளைத் தாண்டி உள்ளே போக வேண்டும். ஒரு தையல் மெஷின், ஒரு ஓவர்லாக் மெஷின், ஒரு முக்காலி, அளவெடுக்க ஒரு திரை. கடை அவ்வளவுதான். மெஷினுக்கு மேலே சமயபுரத்து அம்மன் படம் மாட்டியிருக்கும். தேடிப்போகிறவர்களுக்கு அந்த அடையாளம் போதும்.

எனக்கு இப்போது 36 வயது. 2019இல், 30 வயதில், வலது நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறையில் மீசோதெலியோமா என்று கண்டுபிடித்தார்கள். கல்நார், அதாவது நாம் ஆஸ்பெஸ்டாஸ் என்று சொல்கிறோமே, அதன் இழைகள் மூச்சோடு உள்ளே போய், பல பத்தாண்டுகள் கழித்து வரும் புற்றுநோய் இது. 2020இல் உலகம் முழுவதும் சேர்த்தே சுமார் 30,000 பேருக்குத்தான் வந்தது. அதிலும் பெரும்பாலோர் வயதான ஆண்கள். படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று டாக்டரிடம் போனேன். நெஞ்சிலிருந்து ஒன்றரை லிட்டர் நீர் எடுத்தார்கள். காசநோயாக இருக்கும் என்றுதான் முதலில் பேச்சு. உறையிலிருந்து சதை எடுத்துப் பார்த்த பிறகுதான் நோயின் பெயர் தெரிந்தது. எபிதீலியாய்டு வகை என்றார்கள். மூன்று வகைகளில் சிகிச்சைக்கு ஓரளவு இடம் கொடுப்பது அது. நான் இன்று உட்கார்ந்து இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்று வாரத்துக்கு ஒரு தடவை பெமெட்ரெக்செட், சிஸ்பிளாட்டின் கீமோ. கூடவே தினமும் ஃபோலிக் அமில மாத்திரை, ஒன்பது வாரத்துக்கு ஒன்றாக பி12 ஊசி. பிறகு நுரையீரலை அப்படியே வைத்துக்கொண்டு உறையை மட்டும் உரித்தெடுக்கும் பெரிய அறுவை சிகிச்சை. (என்னைப் பார்த்து யாரும் இதில் முடிவெடுக்க வேண்டாம். 2024இல் வெளியான மார்ஸ் 2 என்ற பிரிட்டிஷ் ஆய்வில், கீமோவோடு இந்த அறுவை சிகிச்சையும் செய்துகொண்டவர்களுக்கு, கீமோ மட்டும் எடுத்தவர்களைவிட நல்ல பலன் கிடைக்கவில்லை. உங்கள் டாக்டரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்.)

இதற்கும் ப்ளவுஸுக்கும் என்ன சம்பந்தம் என்றால், எல்லாச் சம்பந்தமும் இருக்கிறது. என் தழும்பு முதுகில் தோள்பட்டை எலும்புக்குக் கீழே தொடங்கி, அக்குளுக்கு அடியில் வளைந்து, மார்புக்குக் கீழே வந்து முடிகிறது. ஒரு சாண் நீளத்துக்கும் மேல். அந்தப் பக்கத்து விலா நரம்புகள் அடிபட்டுப் போயின. கெட்டியாகப் பிடித்தால் ஒன்றுமில்லை, துணி லேசாக உரசினால்தான் நெருப்பு மாதிரி எரியும். வலது கையைப் பின்னால் கொண்டுபோக முடியாது. சிஸ்பிளாட்டினால் விரல் நுனிகள் மரத்துப் போயின, இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. சின்னக் கொக்கியைப் பிடித்தால் பிடித்திருக்கிறேனா இல்லையா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும். பின்னால் கொக்கி வைத்த ப்ளவுஸை எப்படிப் போடுவது? ஐந்து வருஷம் தொளதொளப்பான குர்த்தாதான். தீபாவளிக்கும் குர்த்தா, பொங்கலுக்கும் குர்த்தா.

தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அம்மா தன்னுடைய மாம்பழ நிறக் காஞ்சிபுரத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். அரக்கு பார்டர். "இதைத்தான் நீ கட்டணும்" என்றார்.

முதலில் வேறொரு கடைக்குப் போனேன். தழும்பைச் சொன்னேன், நரம்பைச் சொன்னேன். "அளவு ப்ளவுஸ் ஒண்ணு குடுங்க, போதும்" என்று சொல்லி, 2018இல் தைத்த பழைய ப்ளவுஸை வாங்கிக்கொண்டார்கள். வந்த ப்ளவுஸ் அந்தப் பழைய உடம்புக்கு வெகு அழகாகப் பொருந்தியிருக்கும். கைக்குழி தழும்பின் மேலேயே வந்து உட்கார்ந்தது, ஓவர்லாக் நூல் முள் மாதிரி குத்தியது. திரும்பப் போய்ச் சொன்னதற்கு, "ரெண்டு தடவை போட்டா உடம்பு பழகிடும்" என்றார்கள். வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் அழுதேன்.

பக்கத்து வீட்டு ஆன்ட்டிதான் இந்த அக்காவைச் சொன்னார்.

அக்காவிடமும் பழக்கத்தில் அந்தப் பழைய ப்ளவுஸை நீட்டினேன். வாங்கி ஒரு பக்கமாக வைத்துவிட்டார். "இது எந்த வருஷத்து உடம்பும்மா? இப்ப இருக்கிற உடம்பைக் காட்டு" என்றார். திரையை இழுத்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்தப் பக்கம் தொடக்கூடாது?" தழும்பு எப்படி வந்தது என்று அப்போது கேட்கவே இல்லை. டேப்பின் நுனியில் இருக்கும் தகரம் சில்லென்று படுமே, அதை உள்ளங்கையில் பொத்திக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத்தான் என்மேல் வைத்தார். உரசாமல், முழுக் கையையும் கெட்டியாக வைத்து அளந்தார். நான் சொன்னதை அப்படியே மனதில் வாங்கியிருந்தார் என்று அப்போதே புரிந்தது.

நோட்டில் நடுவே ஒரு கோடு இழுத்து இந்தப் பக்கம் 'இ', அந்தப் பக்கம் 'வ' என்று எழுதினார். இடது பக்கம் ஒரு அளவு, வலது பக்கம் ஒரு அளவு. வலது மார்புக்கூடு அரை இஞ்ச் கம்மி. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்தப் பக்கம் சற்று ஒடுங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் யாரும் அதை இஞ்ச் கணக்கில் எழுதியதில்லை. "மூச்சை நல்லா இழு… பிடி… இப்ப விடு" என்று இரண்டு தடவை அளந்தார். "இடது பக்கந்தாம்மா டேப் நகருது. அப்ப லூசு அந்தப் பக்கந்தான் வேணும்" என்றார். என் நுரையீரல் பரிசோதனை அறிக்கை நாலு பக்கத்தில் சொன்னதை அவர் ஒரு டேப்பை வைத்துச் சொல்லிவிட்டார்.

அளவெடுத்து முடித்ததும் நான் வாங்கிப்போயிருந்த அரக்குப் பட்டைப் பிரித்து, மடிப்பு போவதற்காகப் பட்டென்று ஓர் உதறு உதறினார். ட்யூப்லைட் வெளிச்சத்தில் தூசி பறந்தது. நான் என்னையறியாமல் பின்னால் நகர்ந்து முக்காலியில் இடித்துக்கொண்டேன். அது வெறும் பட்டுத் தூசி என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் யாராவது துணியை உதறினால் என் உடம்பு நின்றுவிடும்.

அக்கா முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் சொன்னேன்.

அப்பா கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தார். இயந்திர அறையில் நீராவிக் குழாய்களைச் சுற்றியிருக்கும் வெப்பக்காப்பைப் பிய்த்தெடுப்பது அவர் வேலை. 1990களில் பழுதுக்கு வந்த பழைய கப்பல்களில் பலவற்றிலும் அது கல்நார்தான். கப்பல்களில் புதிதாகக் கல்நார் வைப்பதை உலக அளவில் பெரும்பாலும் நிறுத்தியதே 2002 ஜூலையில்தான், முழுத் தடை 2011இல் வந்தது. அப்பா வேலை முடிந்து, பட்டறையில் போட்டிருந்த 'பாய்லர் சூட்' என்ற முழுநீள வேலை உடுப்போடேயே பேருந்தில் வீட்டுக்கு வருவார். நான் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்வேன். துவைக்கப் போடும் முன் அந்த உடுப்பின் பைகளை வெளியே இழுத்து உதறுவது என் வேலை. அம்மா கொடுத்த வேலை அது. நாலு வயசு, ஐந்து வயசு. பைக்குள்ளிருந்து வெள்ளையாகப் பஞ்சு மாதிரி வரும், ஊதி விளையாடுவேன். அதற்குப் பிறகு அம்மா துவைத்து, சமையலறை ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் காயப்போடுவார்.

துணி வழியாக வீட்டுக்கு வரும் ஆபத்து யாருக்கும் தெரியாத ரகசியமாக இருந்ததில்லை. கல்நார் வேலை பார்த்தவர்களின் வீட்டுப் பெண்களுக்கு, அந்த வேலைத் துணியைத் துவைத்தவர்களுக்கு, இந்த நோய் வந்ததை லண்டனில் 1965இலேயே ஓர் ஆய்வில் எழுதிவிட்டார்கள். நான் பிறந்தது 1989இல். அதே வருஷம்தான் சிங்கப்பூரில் கட்டடங்களில் கல்நார் பயன்படுத்தத் தடை வந்தது. கப்பலிலிருந்து வரும் தூசியைப் பற்றி எங்கள் வீட்டுக்கு யாரும் வந்து சொல்லவில்லை. அப்பாவின் எக்ஸ்ரேயில் நுரையீரல் உறைமேல் சுண்ணாம்புத் திட்டுகள் தெரிகின்றன, நோய் இல்லை. அம்மாவுக்கு இதுவரை ஒன்றும் இல்லை.

"சிகரெட்டு பிடிக்கிறவங்களுக்கு வர்றதுன்னு நினைச்சேன்" என்றார் அக்கா. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சிகரெட்டுக்கும் மீசோதெலியோமாவுக்கும் சம்பந்தம் இல்லை. (கல்நாரும் சிகரெட்டும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் ஆபத்து பலமடங்கு கூடும். அது வேறு நோய்.) கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அக்கா கேட்டார்: "எங்க ஊர்ல வீட்டுக்குப் பின்னால ஆஸ்பெட்டாஸ் கூரைதாம்மா. மாட்டுக்கொட்டகைக்கு. அதுவா?"

அதுவேதான். அக்கா மன்னார்குடிப் பக்கம். இந்தியாவில் வெள்ளைக் கல்நாரை இறக்குமதி செய்து சிமென்ட்டோடு கலந்து ஷீட் போடுவது இன்னமும் நடக்கிறது. நான் சொன்னது இதுதான்: ஷீட் உடையாமல் கிடந்தால் அவசரமில்லை. அறுக்கக் கூடாது, துளை போடக் கூடாது, உடைக்கக் கூடாது. உடைந்ததைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, தண்ணீர் தெளித்து நனைத்துத்தான் எடுக்க வேண்டும். அக்கா அங்கேயே ஃபோன் எடுத்துத் தம்பிக்குப் பேசினார். மழைக்கு முன்னால் கூரை மாற்றுவதாக இருந்தார்களாம். "நீ கைவைக்காதே, ஆள் வச்சாலும் நனைச்சுட்டு எடுக்கச் சொல்லு" என்று இரண்டு தடவை சொன்னார். எனக்கு அந்த ஐந்து நிமிஷம் போதும்.

சிங்கப்பூரில் பழைய வீடு வாங்கிப் புதுப்பிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1991 ஜனவரி 1க்கு முன் கட்டிய கட்டடம் என்றால், கூரைப் பலகையையோ தடுப்பையோ இடிப்பதற்கு முன் கல்நார் இருக்கிறதா என்று பார்த்தாயிற்றா என்று வேலையை எடுத்துச் செய்யும் கான்ட்ராக்டரிடம் கேளுங்கள். மனிதவள அமைச்சின் விதிகளில் இதற்கு இடம் இருக்கிறது. கேட்டால் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

ப்ளவுஸுக்கு வருகிறேன். முன்பக்கம் கொக்கி, அதற்கு அடியில் தோலில் உரசாமல் ஒன்றரை இஞ்ச் அகலத்துக்குப் பட்டி. சின்னக் கொக்கிக்குப் பதில் பெரிய கொக்கியாக ஆறு. வளையங்களை நூலால் போடாமல் கம்பி வளையமாகவே வைத்திருக்கிறார், மரத்த விரலுக்குக் கம்பி தட்டுப்படும் என்று. வலது கைக்குழியை முக்கால் இஞ்ச் கீழே இறக்கி, அந்த இடத்தில் தையலே வராதபடி பக்கத் தையலை முதுகுப் பக்கம் தள்ளியிருக்கிறார். உள்ளே ஓவர்லாக் இல்லை. ஓரங்களை எல்லாம் மல் துணிக்குள் மடித்து மூடிவிட்டார். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண ப்ளவுஸ். இடதும் வலதும் ஒரே அளவு போலத்தான் தெரிகிறது.

குறையும் இருக்கிறது. கவனமெல்லாம் பக்கவாட்டிலேயே போனதால் பின்கழுத்து அகலமாகி தோளிலிருந்து நழுவியது. அதைச் சரிசெய்யக் காசு வாங்கவில்லை, ஆனால் இன்னும் மூன்று நாள் ஆயிற்று. ஃபோன் அடித்தால் எடுக்க மாட்டார். நேரில்தான் போக வேண்டும். போனால் ஒரு மணி நேரம் ஓடிவிடும், அவசரக்காரர்களுக்கு ஒத்துவராது.

கழுத்து சரிசெய்யக் கொடுத்த அன்று அப்பாவும் கூட வந்தார். முக்காலியில் உட்கார்ந்து சேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். இந்த ஆறு வருஷத்தில் அந்த வேலை உடுப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. கிளம்பும்போது அக்காவிடம், "பிள்ளைக்குக் குத்தாம தைச்சுக் கொடுங்க" என்றார். "குத்தாதுண்ணே" என்றார் அக்கா, ப்ளவுஸை உள்பக்கம் திருப்பி அவர் கையில் கொடுத்தார். அப்பா கட்டைவிரலால் அந்த ஓரங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

கல்யாணம் சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலில். காலை நாலரை மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு ஆறு கொக்கியையும் நானே மாட்டினேன். அம்மா வெளியே நின்று, "கொக்கி போட்டு விடட்டுமா?" என்று கேட்டார். போட்டாச்சு என்றேன். சாயங்காலம் ஆறு மணி வரை அந்த ப்ளவுஸோடுதான் இருந்தேன். வலது பக்கம் எரியவில்லை.

அடுத்து இரண்டு காட்டன் ப்ளவுஸுக்குத் துணி கொடுத்திருக்கிறேன். தீபாவளிக்கு வேண்டுமென்றால் ஆறு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். அறுவை சிகிச்சைத் தழும்பு உள்ளவர்கள், மார்பகம் எடுத்தவர்கள், கை தூக்க முடியாதவர்கள் யாராக இருந்தாலும் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் போங்கள். அப்போது கூட்டம் இருக்காது, திரைக்குப் பின்னால் நின்று நிதானமாகப் பேசலாம்.