ஆல்புகர்க்கியில் ஆர்வி வாடகைக்கு எடுக்கிறீர்களா? சாக்கோ பற்றி எழுத்தில் கேட்டு வாங்குங்கள்

கோடை விடுமுறைக்கு நியூ மெக்சிகோ, அரிசோனா பக்கம் ஆர்வியில், அதாவது தங்கும் வசதியுள்ள வீட்டு வண்டியில், கிளம்பத் திட்டம் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கட்டுங்கள். ஆல்புகர்க்கியில் ஒரு வாடகை நிறுவனம் எங்கள் 1,500 டாலர் டெபாசிட்டை அப்படியே விழுங்கப் பார்த்தது. பெயர் வேண்டாம். என்ன செய்தார்கள் என்று சொல்கிறேன், வேறு யாராவது இதே வித்தையைக் காட்டினாலும் பிடிபட்டுவிடும்.

சாக்கோ கேன்யன், மெசா வெர்டே, கேன்யன் டி ஷே என்று ப்யூப்ளோ என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் பழைய ஊர்களைப் பார்ப்பதுதான் எங்கள் திட்டம். சாக்கோவுக்கு 550ஆம் நெடுஞ்சாலையிலிருந்து திரும்பினால் 8 மைல் தார்ச்சாலை, அப்புறம் 13 மைல் மண்சாலை. அதனால் வண்டியை அங்கே கொண்டுபோகலாமா என்று என் மனைவி முன்கூட்டியே இமெயிலில் கேட்டாள். "எங்கள் வாடிக்கையாளர்கள் விரும்பிப் போகும் இடம்" என்று பதில் வந்தது. வண்டி எடுக்கும் அன்று கவுன்டரில் போன் மேப்பைக் காட்டி மறுபடியும் கேட்டாள். "தாராளமாகப் போங்கள், மெதுவாக ஓட்டினால் போதும்" என்றார் அங்கிருந்தவர்.

கையெழுத்து வாங்கியது ஒரு டேப்லெட்டில். கையெழுத்துப் போடும் கட்டங்கள் மட்டும்தான் ஒவ்வொன்றாக வந்தன. முழு ஒப்பந்தம் இமெயிலில் வந்து சேர்ந்தபோது நாங்கள் நெடுஞ்சாலையில் இருந்தோம். தார் போடாத சாலையில் ஓட்டினால் அபராதம், வண்டியின் அடிப்பாகத்துக்கும் கூரைக்கும் காப்பீடு கிடையாது என்ற வரிகள் அதில்தான் இருந்தன.

கியூபா என்ற சிற்றூரைத் தாண்டியதும் பின்பக்க இரட்டைச் சக்கரத்தில் உள்பக்க டயர் வெடித்தது. டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையில் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2214 என்றால் 2014இன் 22ஆம் வாரத்தில் செய்தது. எங்களுடையது அந்த வயதுதான். ட்ரெட், அதாவது சாலையில் படும் மேல்பரப்பு, புதிதுபோல் பளபளத்தது, ஓரத்தில் மட்டும் நகம் நுழையும் அளவு விரிசல். ஆர்வி டயர் ஓடித் தேய்வதற்கு முன்பே வெயிலில் காய்ந்து கெட்டுவிடும். மாற்றிய செலவைத் தருவதாக போனில் ஒப்புக்கொண்டார்கள். இன்றுவரை வரவில்லை.

சாக்கோ என்னவோ கொடுத்து வைத்தவர்கள் பார்க்கும் இடம். 600க்கும் மேற்பட்ட அறைகள் கொண்ட ப்யூப்ளோ பொனிட்டோ என்ற பழைய கட்டடத்தின் சுவரோரம் நின்றால் பேச்சு வராது. சக்கரமே இல்லாத காலத்தில் 75 கி.மீ. தொலைவிலிருந்து உத்தரங்களைச் சுமந்து வந்து கட்டியிருக்கிறார்கள். ஆறு சக்கர வண்டியில் போன எங்களுக்குத்தான் தண்டம்.

திருப்பிக் கொடுத்த அன்று ஒருவரும் குனிந்து வண்டியின் அடியைப் பார்க்கவில்லை. நேராக ஜிபிஎஸ் பதிவைத் திறந்தார்கள். மண்சாலை அபராதம், அடிப்பாக ஆய்வு, தூசி சுத்தம் என்று பில் ஏறியது. ஜெனரேட்டர் வேறு: அதை மணிக்கணக்கில் வாடகை போடுவார்கள். எடுக்கும்போது மீட்டரில் இருந்ததைவிடக் குறைவான எண்ணைத் தங்கள் படிவத்தில் எழுதி வைத்திருந்தார்கள். முதல் நாளே மீட்டரைப் படம் எடுத்திருந்ததால் அந்தக் கணக்கு அங்கேயே அடிபட்டது. "யாரோ தவறாக எழுதியிருப்பார்கள்" என்றார்கள். தவறு ஏன் எப்போதும் அவர்கள் பக்கமே லாபமாக விழுகிறதோ.

சாக்கோ பற்றி முன்பு வந்த பதில் இமெயிலைக் காட்டி கிரெடிட் கார்டு வங்கியில் முறையிட்டோம். அபராதமும் ஆய்வுக் கட்டணமும் திரும்பி வந்தன, சுத்தம் செய்த பணம் போனது போனதுதான். இன்னொன்று, கார்டோடு வரும் வாடகைக் கார் காப்பீட்டை நம்பி ஆர்வி எடுக்காதீர்கள். பெரும்பாலான கார்டுகளில் மோட்டார் ஹோமுக்கு அது செல்லாது. நவஹோ பழங்குடியினரின் நிலத்தில் உள்ள மான்யுமென்ட் வேலியில், 17 மைல் மண்சாலையில் சுற்றி வரவும் ஆர்விக்கு அனுமதி இல்லை, நவஹோ வழிகாட்டிகளின் வண்டியில் போகலாம்.

சாக்கோவுக்கு எழுத்தில் அனுமதி தரவில்லை என்றால் நியூ மெக்சிகோவிலேயே உள்ள ஆஸ்டெக் ருயின்ஸ் என்ற பழைய ப்யூப்ளோ ஊருக்குப் போங்கள். சாக்கோவோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் உள்ள இடம், வாசல் வரை தார்ச்சாலை. ஏர்ல் மோரிஸ் 1934இல் மீட்டுக் கட்டிய பெரிய கிவாவுக்குள், அதாவது சடங்குகள் நடந்த வட்ட மண்டபத்துக்குள், இறங்கியே பார்க்கலாம்.