அப்பாச்சியிலிருந்து என்ஜின்எக்ஸ்: ரீரைட் விதிகளை மாற்றிய அனுபவம்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் சில ஹோம்ஸ்டேக்களின் தளங்களையும், வர்க்கியும் தைலமும் விற்கும் ஒரு கடையின் தளத்தையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எல்லாம் ஒரே சின்ன சர்வர், அதில் பக்கங்களை அனுப்பிக்கொண்டிருந்தது அப்பாச்சி என்ற வெப் சர்வர் மென்பொருள். ஏப்ரல், மே சீசனில் ஊட்டிக்குக் கிளம்பும் கூட்டம் மொத்தமாக அறை தேடும்போது, ஒவ்வொரு இணைப்புக்கும் பிஎச்பியைச் (பக்கங்களை உருவாக்கும் நிரல்மொழி) சுமந்த ஒரு அப்பாச்சி பிராசஸ் என்ற அமைப்பை அந்த மெமரி தாங்கவில்லை. அதனால் இன்னொரு வெப் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸுக்கு மாறினேன். சில சீசன்கள் ஓடிவிட்டன, சர்வர் அசையவில்லை.

ஆனால் ரீரைட் விதிகளை, அதாவது கேட்ட முகவரியை வேறு முகவரிக்குத் திருப்பும் விதிகளை, மாற்றுவதில்தான் மொத்த வேலையும். இணையத்தில் கிடைக்கும் தானியங்கி மாற்றிகள் வரிக்கு வரி 'இஃப்' என்ற நிபந்தனை போட்டுத் தருகின்றன, அதை அப்படியே ஒட்டாதீர்கள். 'கேட்ட கோப்பும் இல்லை, ஃபோல்டரும் இல்லை என்றால் இண்டெக்ஸுக்கு அனுப்பு' என்று அப்பாச்சியில் மூன்று வரியில் எழுதுவதற்கு இங்கே 'ட்ரை ஃபைல்ஸ்' ஒரே வரி போதும். ஒவ்வொரு பழைய விதியும் எதற்காக இருந்தது என்று கேட்டுவிட்டுப் புதிதாக எழுதுங்கள், பாதி விதிகள் தேவையே இல்லை என்று தெரியும். அப்புறம், எச்டிஆக்சஸ் (தள ஃபோல்டரில் வைக்கும் அப்பாச்சியின் அமைப்புக் கோப்பு) விதிகளில் முகவரியின் தொடக்கத்தில் உள்ள சாய்கோடு (/) வராது, என்ஜின்எக்ஸில் வரும். பேட்டர்ன் (முகவரியோடு ஒப்பிட விதியில் எழுதும் வடிவம்) பொருந்தாமல் போவதற்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

எனக்கு அதிக நேரம் பிடித்தது பழைய அறைப் பக்கங்கள். 'ரூம்.பிஎச்பி?ஐடி=3' மாதிரியான இணைப்புகள் இன்னும் பயணக் குறிப்புகளில் கிடக்கின்றன, அவற்றைத் தொலைத்தால் ஹோம்ஸ்டேக்காரர்களுக்கு நேரடி நஷ்டம். கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதை இரண்டு சர்வரிலும் ரீரைட் பேட்டர்ன் பார்க்காது. என்ஜின்எக்ஸில் அந்த ஐடியைத் தரும் 'ஆர்க்_ஐடி' என்ற மாறியே தயாராக இருப்பதால், எந்த ஐடிக்கு எந்தப் புது முகவரி என்ற 'மேப்' பட்டியல் ஒன்று போட்டு 'ரிட்டர்ன் 301' (பக்கம் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்ற பதில்) கொடுத்தேன். ரீரைட்டால் அனுப்பினால் பழைய ஐடியும் புது முகவரியில் ஒட்டிக்கொண்டு வரும், வேண்டாம் என்றால் இலக்கின் கடைசியில் ஒரு கேள்விக்குறி வைக்க வேண்டும்.

தமிழ் முகவரி வைத்திருப்பவர்கள் கவனிக்க: மேப்பில் 'ரிக்வெஸ்ட்_யூஆர்ஐ' போட்டால் சதவீதக் குறிகளோடு (%E0 மாதிரி) வரும் வடிவத்தைத்தான் ஒப்பிடும், தமிழில் எழுதிய வரி பொருந்தாது. 'யூஆர்ஐ' மாறியைப் போடுங்கள். யூடிஎஃப்-8இல் 'கோத்தகிரி' மட்டுமே 27 பைட், முகவரி கொஞ்சம் நீண்டாலே 'மேப் ஹேஷ் பக்கெட் சைஸ்' (மேப் வரிகளுக்கு ஒதுக்கும் இட அளவு) போதவில்லை என்று என்ஜின்எக்ஸ் கிளம்ப மறுக்கும். அளவைக் கூட்டினால் சரி.

சோதிக்கும்போது 301 வேண்டாம், தற்காலிக மாற்றம் என்று சொல்லும் 302 போடுங்கள். பிரவுசர் 301ஐ நினைவில் வைத்துக்கொண்டு விதியைத் திருத்திய பிறகும் பழைய இடத்துக்கே போகும். பழைய ஆக்சஸ் லாகிலிருந்து (சர்வரிடம் கேட்கப்பட்டவற்றின் பதிவு) முகவரிகளை எடுத்து ஒவ்வொன்றையும் கர்லில் (கட்டளை வரியில் முகவரியைக் கேட்டுப் பார்க்கும் கருவி) ஓட்டி, எங்கே திருப்புகிறது என்று காட்டும் லொகேஷன் ஹெடரைப் பார்த்தேன். இதைவிட நம்பகமான சோதனை எனக்குத் தெரியாது.

பாதுகாப்பு விஷயம் ஒன்று. அப்லோட் ஃபோல்டரில் பிஎச்பி ஓடக் கூடாது என்று எச்டிஆக்சஸில் எழுதியிருந்தால் அந்தத் தடை இங்கே சத்தமில்லாமல் போய்விடும், என்ஜின்எக்ஸ் அந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை. தடுக்காவிட்டால் கேட்டவருக்கு எச்டிஆக்சஸ் கோப்பையே எடுத்துக் கொடுத்தும்விடும். இரண்டுக்கும் தனி 'லொகேஷன்' (இந்த முகவரிகளுக்கு இந்த விதி என்று சொல்லும் பகுதி) எழுதியாக வேண்டும்.

குறை என்றால், எச்டிஆக்சஸில் தானே எழுதிக்கொள்ளும் பிளகின்கள் இங்கே வேலைக்கு ஆகாது. கடைக்காரர் கேஷ் பிளகின் போட்டாலும் விதியை நான்தான் சேர்த்து, சோதித்து, ரீலோட் செய்ய வேண்டும். சர்வருக்குள் நுழைய அனுமதி இல்லாத பகிர்வு ஹோஸ்டிங்கில் இருப்பவர்களுக்கு அப்பாச்சியே வசதி.